பஞ்சிகாவத்தையில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு லேத் கடை

பழைய மோட்டார் சைக்கிளை வீட்டில் வைத்துத் தன் கையாலேயே திருத்த நினைக்கிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கராஜில் கொண்டுபோய் விட்டுவிட்டு, "முடிஞ்சதும் கோல் எடுங்கோ" என்று சொல்லிவிட்டு வர விரும்புகிறவர்களுக்கு இந்தக் கடை சரிவராது. பிள்ளைகள் படுத்த பிறகு ஒரு மணித்தியாலம், ஞாயிறு மத்தியானம் அரை மணித்தியாலம் என்று துண்டு துண்டாகக் கிடைக்கிற நேரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கொழும்பில் எனக்குத் தெரியாது.

மருதானை ஸ்ரேசனில் இறங்கி நடந்தே போகலாம். பஞ்சிகாவத்தைச் சந்தியைச் சுற்றியுள்ள பெரிய கடைகளைப் பார்த்திருப்பீர்கள். வாசலிலேயே வான் கதவு, பம்பர், ஹெட் லைற், ஷொக் அப்சோபர் எல்லாம் தொங்கும். அவற்றைத் தாண்டி ஒரு குறுக்கு ஒழுங்கைக்குள் நுழைந்தால் பத்தடி அகலத்தில் இந்தக் கடை. ஒரு லேத், ஒரு போர் மெஷின், ஒரு மரமேசை, சுவர் நெடுகப் பழைய பிஸ்ரன்கள். பலகை கிடையாது. "மோட்டச்சைக்கிளுக்குப் போர் அடிக்கிற நானா" என்று கேட்டால் தேத்தண்ணிக் கடைக்காரர் கையைக் காட்டுவார். தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரை வெட்டிச் சற்றுப் பெரிதாக்குவதுதான் போர் அடிப்பது. நானா என்பது முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற சொல். எழுபதை நெருங்குகிற நானா ஒருவர், அவருக்கு உதவிக்கு ஒரு பொடியன். கடை அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பது அப்பாவின் ஹொண்டா சி 90. எழுபதுகளில் வந்த பழைய மொடல், 89.5 சி.சி., மூன்று கியர், ஸ்ரீ இலக்கத் தகடு. கையில் கிளச் இல்லை. சீற்றைத் தூக்கினால் கீழே பெற்றோல் தாங்கி. இந்த 'கப்' வகையை ஹொண்டா முதன்முதலில் விட்டது 1958இல். ஜப்பானில் சாப்பாடு கொண்டுபோகிற பொடியன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஓட வேண்டும் என்றுதான் கிளச்சைக் கையிலிருந்து எடுத்தார்கள் என்று சொல்வார்கள். அப்பா அந்தச் சும்மா இருந்த கையால் தம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். தம்பி முன்னால் நிற்பான், நான் பின்னால், எனக்கும் பின்னால் அம்மா ஒருபக்கமாக இருப்பா. கொக்குவிலில் இருந்து நல்லூர் வரைக்கும் அப்படித்தான் போவோம்.

அப்பா போய்ப் பத்து வருடத்துக்கு மேல். கனடாவில் இருக்கிற தம்பி ஊர்க் காணியை விற்க முடிவெடுத்தபோது, வீட்டுச் சாமான்களில் நான் கேட்டது இது ஒன்றைத்தான். அம்மியும் அண்டாவும் ஏற்றிய அதே லொறியில் வெள்ளவத்தைக்கு வந்தது. பத்து வருடம் மால் கொட்டில் மூலையில் கிடந்ததில் பின் மட்கார்டின் உட்பக்கமும் பற்றரி வைக்கும் இடமும் உக்கிப் போயிருந்தன. நல்லகாலம், எஞ்சின் இறுகியிருக்கவில்லை. பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் ஒயில் விட்டு, நாலு நாள் வைத்து மெல்ல மெல்லக் கிக்கரை அசைத்தபோது அசைந்தது. அந்த அசைவில்தான் நான் துணிந்தேன்.

எங்கள் வீடு கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையில் ஒரு தொடர்மாடி. கீழே வாகனம் விடும் இடத்தில் தூணோரமாக எனக்குக் கிடைத்தது எட்டடி நிலம். கடற்காற்றுக்குள் இரும்பு வேலை செய்வது என்ன என்று கொக்குவிலில் வளர்ந்த எனக்குத் தெரியாது. கழுவித் துடைத்த நட்டை ஒயில் பூசாமல் இரவு விட்டால் விடியச் சிவந்திருக்கும். அதனால் கழற்றிய ஒவ்வொன்றும் மேலே வீட்டுக்கு வந்தது. பழைய பால்மா ரின்களில் ஒயில் ஊற்றி, எந்த ரின்னில் என்ன என்று மகன் தன் எழுத்தில் ஒட்டினான். குசினித் தட்டில் மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் "கார்பரேற்றர்" என்று எழுதிய ரின் ஏழு மாதம் இருந்தது.

என் கணவர் ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தொடக்கத்திலேயே ஒன்றை மட்டும் சொன்னார்: "அம்மாவின்ர கிளினிக்கும் பிள்ளையின்ர ரியூசனும் தப்பக்கூடாது. மிச்ச நேரத்தில நீர் என்னவும் செய்யும்." நியாயமான பேச்சுத்தான். ஆனால் மிச்ச நேரம் என்று ஒன்று இந்த வீட்டில் எங்கே இருக்கிறது? தை மாதம் தொடங்கிய வேலை. சித்திரைக்கு முடிப்பேன் என்று நினைத்தேன். பங்குனியில் அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன், இரண்டு கிழமை அம்மா குனியக்கூடாது, தலை முழுகக்கூடாது, மூன்று வேளையும் சொட்டு மருந்து. ஆடியில் மச்சாள் குடும்பம் லண்டனில் இருந்து வந்து மூன்று கிழமை நின்றது. இடையில் மாதமுடிவுக் கணக்குகள். அந்த நாட்களில் நான் கந்தோரால் வரும்போது இரவு எட்டு மணி. மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை, சனி ஞாயிறு முழுக்க வகுப்பு. மகளை வகுப்பில் விட்டதற்கும் திரும்ப ஏற்றுவதற்கும் இடையில் இருக்கிற மூன்று மணித்தியாலந்தான் எனக்கு உண்மையில் கிடைத்த நேரம். அதில் ரயில் ஏறி மருதானைக்குப் போய் வரவேண்டும்.

முதல் நாள் சிலிண்டரையும் ஹெட்டையும் பழைய பிஸ்ரனையும் மா வந்த துணிப்பையில் சுற்றிக்கொண்டு போனேன். அதற்கு முன் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு கராஜில் காட்டியிருந்தேன். அங்கே சிலிண்டரை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நேரா நூறுக்குப் போகவேணும் அக்கா, அந்தச் சைஸ்தான் இப்ப கிடைக்குது" என்றார்கள். நூறு என்றால் கம்பனி அளவைவிட ஒரு மி.மீ. பெரிய பிஸ்ரன். அளக்கவில்லை. அது எனக்கு மனதுக்குப் பிடிக்கவில்லை.

நானா பையை வாங்கி, மேசையில் பேப்பர் விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சிலிண்டரைத் துணியால் துடைத்தார். பிறகு விரல் நகத்தை உள்ளே விட்டு மேலிருந்து கீழாக இழுத்தார். விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் ஒரு படியில் தட்டி நின்றது. என் விரலையும் பிடித்து அதே இடத்தில் வைத்தார். பிஸ்ரனின் ரிங் ஏறி இறங்கித் தேய்ந்த இடத்துக்கும், அது போகாத இடத்துக்கும் இடையில் இருக்கிற படி அது. முப்பது நாற்பது வருட ஓட்டத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தது போல இருந்தது.

பிறகு டயல் கேஜை எடுத்தார். மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடம், ஒவ்வொரு இடத்திலும் நீளப்பாட்டுக்கு ஒருதரம், குறுக்குப்பாட்டுக்கு ஒருதரம். ஒவ்வொரு முறையும், "நீங்களே பாருங்க தங்கச்சி" என்று முள்ளைக் காட்டி, மேசையில் சோக்கால் எழுதினார். மேலே 50.36, குறுக்கே 50.31, அடியில் 50.27. பிஸ்ரன் தலையில் படிந்திருந்த கரியைச் சுரண்ட 0.25 என்ற எழுத்துத் தெரிந்தது. கம்பனி அளவு 50 மி.மீ., ஆக இது ஏற்கெனவே ஒருதரம் போர் அடித்த சிலிண்டர். இனி அடுத்த அளவு 50.50.

"அம்பதுக்குப் போனா போதும். எழுவத்தஞ்சும் ஈக்கி, நூறும் ஈக்கி, அதுகள் பொறகு பாத்துக்கலாம். வெட்டின இரும்ப திருப்பி ஒட்ட ஏலா."

நூறுக்கு வெட்டியிருந்தால் என் சிலிண்டருக்கு அதுதான் கடைசித் தடவையாக இருந்திருக்கும். இந்த வண்டிக்கு இன்னும் இரண்டு போர் மிச்சம் இருக்கிறது. என் மகள் என் வயதுக்கு வரும்போதும் அதைத் திருத்தலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்தக் கடையைச் சொல்வேன்.

அப்போதுதான் அவர் ஹெட்டையும் சிலிண்டரையும் சேர்க்கிற முகத்தைப் பார்த்தார். நான் கழற்றும்போது ஒட்டிப்போய்க் கிடந்ததைக் கவனிக்கவில்லை. கத்தி நுனியை விட்டு மெல்லப் பிரித்தார். இடையில் வைக்கிற கேஸ்கெற் தகடு ஒன்றல்ல, இரண்டு.

"இது மண்ணெண்ண குடிச்ச எஞ்சின். நீங்க யாழ்ப்பாணமா?"

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. தொண்ணூறுகளில், யுத்தத்துக்குள், எங்களுக்குப் பெற்றோல் தடை. மருந்துக்கடைச் சேலைன் போத்தலில் அரை முடி பெற்றோலை வைத்து, ரியூப்பால் கார்பரேற்றருக்கு விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடாகினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார் அப்பா. அந்தப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. ஊர் முழுக்க அந்தப் புகை மணம்தான். அழுத்தம் கூடினால் மண்ணெண்ணெய் தானாக வெடித்து உள்ளே அடிக்கும், அதனால் ஹெட்டைக் கொஞ்சம் உயர்த்தி அழுத்தத்தைக் குறைக்க இரண்டாவது கேஸ்கெற். எரியாமல் மிஞ்சுகிற மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே போகும், கீழே ஒயிலும் தண்ணியாகிவிடும். சிலிண்டர் இப்படித் தேய்ந்ததற்கும் ரிங் கரியில் இறுகியதற்கும் அதுதான் காரணம் என்று நானா விளங்கப்படுத்தினார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது அப்பா இந்தச் சைக்கிளை ஓடவில்லை, நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை சனத்துக்குள் உருட்டினார். பின் சீற்றில் அரிசி மூட்டை, முன்னால் அம்மாவின் தையல் மெஷினின் தலை. எனக்குப் பதினாறு வயது. இதையெல்லாம் நான் நானாவுக்குச் சொல்லவில்லை. "ஓம் நானா, யாழ்ப்பாணம்தான்" என்று மட்டும் சொன்னேன். அவர் இரண்டாவது கேஸ்கெற்றைத் துடைத்து, பேப்பரில் சுற்றி, "இனிப் பெற்றோல் தானே, இது தேவல்ல. வீட்ட வச்சிக்கிங்க" என்று என் பைக்குள் போட்டார்.

அன்றிரவு அதை அம்மாவிடம் காட்டினேன். ஒப்பரேசனுக்கு முந்திய கண், கிட்டப் பிடித்துப் பார்த்தா. "உது வாங்கின மாதம் நான் ஒரு கிழமை பால் வாங்கேல்லை" என்றா. அவ்வளவுதான் சொன்னா. இப்போது அது சாமித்தட்டில் இருக்கிறது.

கடைக்கு வருகிறேன். நானா ஒரு வேலையை எடுக்கும்போது முதலில் சொல்வது, அவர் எதைச் செய்யமாட்டார் என்பதை. வால்வ் அரைப்பதை வீட்டில் செய்யச் சொன்னார், பேஸ்ற் எங்கே வாங்குவது, எவ்வளவு போதும் என்று சொன்னார். பிஸ்ரனைத் தாங்குகிற தண்டான கொன்றொட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கச் சொன்னார். மேல் கீழாகத் துளியும் ஆடக்கூடாது, பக்கவாட்டில் சற்று ஆடினால் பயமில்லை. அது சரியாக இருந்தால் எஞ்சினின் அடிப்பாதியைப் பிரிக்கவே தேவையில்லை என்றார். வீட்டுக்கு வந்து ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. எஞ்சின் முழுவதையும் பிரிக்கச் சொல்லிக் காசு வாங்கியிருக்கக்கூடிய மனிதர் என்னை அந்தச் செலவிலிருந்து காப்பாற்றினார்.

பிஸ்ரன் கையில் இல்லாமல் போர் அடிக்கவும் மாட்டார். பிஸ்ரனை அளந்து, அதற்கு ஏற்றபடிதான் சிலிண்டரை வெட்ட வேண்டும் என்பது அவரது கட்டளை. நான் பெரிய தெருவில் ஒரு கடையில், கம்பனிப் பெட்டி போலவே இருந்த பெட்டியில், 0.50 பிஸ்ரன் செற் ஒன்றை 5,200 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு போனேன். நானா மைக்ரோமீற்றரைப் பிடித்தார், முகம் மாறியது. ஒரு பக்கம் ஒரு அளவு, திருப்பினால் வேறு அளவு, இரண்டும் இருக்கவேண்டிய அளவில் இல்லை. "இதுக்கு நான் போர் பண்ண மாட்டேன்." வாங்கிய கடைக்குத் திரும்பிப் போனேன். பெட்டி திறந்த சாமான், எடுக்கமாட்டோம் என்றார்கள். அந்தக் காசு போனது போனதுதான். அன்று ரயிலில் அழுகை வந்தது. காசுக்காக மட்டுமல்ல, மகளின் வகுப்பு முடிய முன் போய்ச் சேரவேண்டும் என்று ஓடி ஓடி மிச்சம் பிடித்த சனிக்கிழமை ஒன்று வீணாகப் போனதற்காக.

அடுத்த சனிக்கிழமை நானா தன் பொடியனை என்னோடு அனுப்பினார். பொடியன் மைக்ரோமீற்றரைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தான். மூன்று கடை ஏறினோம். கவுண்டரிலேயே பிஸ்ரனை எடுத்து அளப்பான், தலையை ஆட்டுவான், வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்பான். கடைக்காரர்கள் கோபிக்கவில்லை, நானாவின் ஆள் என்று தெரியும். மூன்றாவது கடையில் தாய்லாந்துச் சாமான் ஒன்று சரியாக வந்தது, 5,800 ரூபாய். இந்த வகைச் சைக்கிள் 2017இலேயே பத்துக் கோடியைத் தாண்டிவிட்டது என்பதால் சாமானுக்குத் தட்டுப்பாடு இல்லை. நல்லதைத் தேடிப் பிடிக்கிற கண்தான் வேண்டும், அந்தக் கண்ணை நானா எனக்கு ஒரு மணித்தியாலம் இரவல் தந்தார். அதற்குக் காசு எடுக்கவில்லை.

வேலையின் தரத்தைச் சொல்ல வேண்டும். பிஸ்ரனுக்கும் சுவருக்கும் இடையில் 0.03 மி.மீ. விட்டு வெட்டியிருந்தார். ஹோன் பண்ணின பிறகு, அதாவது கல்லால் உரசி முடித்த பிறகு, உள்ளே பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள், பனையோலைப் பெட்டிப் பின்னல் போல. ஒயில் தங்குவதற்கு அந்தக் கோடுகள் வேண்டும், கண்ணாடி போல மினுங்கினால்தான் பிழை. வீட்டில் ரிங்கைச் சிலிண்டருக்குள் தள்ளி, வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்தேன். 0.2 தகடு வழுக்கிக்கொண்டு போனது, 0.3 போகவில்லை. மூன்று ரிங்கும் அதே மாதிரி. அந்த இரவு நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். அவர் சிலிண்டரை மண்ணெண்ணெயால் மட்டும் கழுவித் தருகிறார், அது காணாது. ஹோன் கல்லின் தூள் அந்தக் கோடுகளுக்குள் இருக்கும். அது உள்ளே இருந்தால் புது ரிங்கை ஒரு மாதத்தில் தின்றுவிடும். வீட்டில் சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணி சாம்பல் நிறமாக வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப. அம்மாவின் பழைய வெள்ளைச் சீலைத் துண்டு ஒன்பது தேவைப்பட்டது எனக்கு. ஒன்பதாவது வெள்ளையாகவே வந்தது. துடைத்த கையோடு ஒயில் பூசுங்கள். கடற்கரைப் பக்கத்து ஆட்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பூசலாம் என்று நினைக்க வேண்டாம்.

வால்வ் அரைத்தது மகளும் நானும். இரவு பத்து மணிக்குமேல், சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து. விஞ்ஞானப் பாடத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, "அம்மா, எனக்குக் கால் மணித்தியாலம் தாங்கோ" என்று அவளே வந்து இருந்தாள். வால்வைப் பிடிக்கிற தடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மத்துக் கடைவது போல உருட்ட வேண்டும். தொடக்கத்தில் கரகர என்று சத்தம். பேஸ்ற் மெலிய மெலியச் சத்தம் சன்னமாகும், கையில் ஒரு வழுவழுப்பு வரும், அப்போது தூக்கிப் பார்த்தால் வால்வ் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரே அகலமாக ஒரு வளையம். அவள் அரைத்தது இன்லெற் வால்வ். பிறகு ஹெட்டைக் கவிழ்த்து, துவாரத்துக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி விடியும்வரை வைத்தோம். ஒழுகவில்லை. காலையில் அம்மா எழும்பி வந்து, அந்த மணத்துக்கு, "ஆர் ஸ்ராட் பண்ணினது?" என்று கேட்டா.

இனிக் குறைகள். இவற்றை மறைத்தால் வாசித்துவிட்டுப் போகிறவர்களுக்கு நான் துரோகம் செய்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு மத்தியானம் பூட்டி இரண்டரைக்குப் பிறகுதான் திறப்பார், அது தெரிந்த விஷயம். பௌர்ணமிக்கு வருகிற போயா தினங்களில் அந்தப் பக்கமே பூட்டு. எனக்கு முழு நாள் லீவு கிடைக்கிறது போயாவுக்குத்தான், அது இவர்களிடம் உதவவில்லை. போன் எடுக்கமாட்டார், மெஷின் ஓடும்போது கேட்காது. பில் கிடையாது. இருக்க ஒரு கதிரை இல்லை, பெண்கள் காத்திருக்க வசதி எதுவும் இல்லை. தேத்தண்ணிக் கடையில்தான் நிற்க வேண்டும், அதுவும் எல்லா நேரமும் சுகமாக இருக்காது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கஷ்டமாக இருந்தது தவணை. புதன்கிழமை தருவேன் என்றார். கந்தோரில் அரைநாள் லீவு எடுத்து, அம்மாவின் சொட்டு மருந்துக்குப் பக்கத்து வீட்டு அன்ரியை இருத்திவிட்டுப் போனால், சிலிண்டர் வைத்த இடத்திலேயே இருந்தது. பெல்ற் அறுந்து மெஷின் இரண்டு நாள் நின்றதாம். சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "நானா, எனக்கு ஒரு நாள் எண்டுறது சும்மா வாறதில்லை. வீட்டில நாலு பேரிட்டக் கேட்டுத்தான் வாறன்." அவர் வாதாடவில்லை. பொடியனைக் கூப்பிட்டு என் நம்பரைச் சுவரில், மற்ற எல்லா நம்பர்களோடும், சோக்கால் எழுதுவித்தார். அதன் பிறகு வேலை முடிந்ததும் பொடியன் மெசேஜ் போட்டான், முடியாவிட்டாலும் போட்டான். அந்தச் சனிக்கிழமை போய் எடுத்தேன். ஆனால் அந்த அரைநாள் எனக்குத் திரும்பி வரவில்லை. நீங்கள் முதல் நாளே நம்பரைச் சுவரில் எழுதச் சொல்லுங்கள்.

கூலி, போரும் ஹோனும் சேர்த்து 3,500 ரூபாய். அளந்ததற்கும் சொல்லித் தந்ததற்கும் ஒன்றும் இல்லை. வேறு இடத்தில் நான் விசாரித்ததைவிடச் சற்றுக் கூட. கொடுக்கலாம்.

பூட்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரப்பெற் என்கிற வால்வ் இடைவெளி 0.05 மி.மீ., தீப்பொறிக்கான பொயின்ற் இடைவெளி 0.35 மி.மீ., புது ஒயில். ஐப்பசி கடைசியில் ஒரு இரவு எல்லாம் முடிந்து கிக் பண்ணினால் தீப்பொறி இல்லை. கொண்டென்சர் செத்திருந்தது. அடுத்த நாளே மாற்றியிருக்கலாம், ஆனால் மகனுக்குக் காய்ச்சல், டெங்கு என்ற பயம், இரண்டு நாளுக்கொருதரம் இரத்தப் பரிசோதனை. பதினொரு நாள் கீழே இறங்கவே இல்லை. சைக்கிளுக்கு மேல் ஒரு பழைய போர்வை. மகன் எழும்பி நடந்த பிறகு கொண்டென்சரைப் போட்டேன். அன்று கார்த்திகை விளக்கீடு. தொடர்மாடிப் படியெல்லாம் சிட்டி விளக்கு. நாலாவது கிக்கில் எழும்பியது. நீலப் புகை கொஞ்சம் வந்து, ஒரு நிமிடத்தில் தெளிந்து, பிறகு அந்தச் சி 90 சத்தம், சின்னதாய், சீராய். இவர் கையில் விளக்குத் திரியோடு படியில் நின்றார். "உம்முடைய அப்பா இதை இவ்வளவு மெதுவாய் நிக்கவிட்டதை நான் கேட்டதில்லை" என்றார். அப்பா மண்ணெண்ணெயில் விட்டபோது அது இப்படி நிற்காது, த்ரொட்டிலைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பதிவுப் புத்தகத்தில் பெயர் மாற்றி, காப்புறுதி எடுத்து, புகைப் பரிசோதனை முடித்து, வருமான அனுமதிப்பத்திரம் ஒட்டிய பிறகுதான் தெருவில் ஏற்றினேன். காலை ஆறு மணிக்கு மரைன் டிரைவில் பம்பலப்பிட்டி வரை போய்த் திரும்புவேன். இப்போது மீற்றரில் நான் எழுதி வைத்த கணக்குக்கு 212 கிலோமீற்றர். முதல் 500 கிலோமீற்றருக்கு நாற்பதுக்கு மேல் போகவேண்டாம், ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டும் போகவேண்டாம், ஏற்றி இறக்கி ஓடுங்கள் என்பது நானாவின் சொல். முதல் ஒயிலை நான் 150இலேயே மாற்றினேன், வடித்ததில் கண்ணுக்குத் தெரிகிற இரும்புத்தூள் இல்லை.

500 ஆனதும் சைக்கிளையே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, ரப்பெற்றைப் பார்க்க வேண்டும். அதை வீட்டில் நானே செய்யலாம், அவரும் அதைத்தான் சொன்னார், ஆனால் சத்தத்தை ஒருதரம் கேட்க வேண்டுமாம். முன் சில்லைத் தாங்குகிற லிங்கின் புஷ் இரண்டும் ஆடுகின்றன, அவற்றை லேத்தில் கடைந்து தருவாரா என்று அன்று கேட்கப் போகிறேன். மகளுக்கு அந்தச் சனிக்கிழமை வகுப்பு இல்லை. பின்னால் ஏற்றிக்கொண்டு போவேன்.